கடற்கரை ஊரில் செகண்ட் ஹேண்ட் பைக்: கடலூர், புதுச்சேரியில் வாங்கி தினசரி ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி

எனக்கு வீடு மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி. காலையில் கிளம்பினால் ஆல்பேட்டை, தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், சாயங்காலம் அதே தூரம் திரும்ப வேண்டும். பத்து வருடமாக இந்த ரோட்டில் நான் ஓட்டிய மூன்று வண்டியும் பழைய வண்டிதான். தெருவில் யாருக்காவது முதல் வேலை கிடைத்து வண்டி வாங்கப் போனால் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். எல்லாரும் விற்பவரிடம் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு என்றுதான். நம் ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வண்டி இத்தனை வருடமும் எங்கே நின்றது?

தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், தாழங்குடா, வீராம்பட்டினம் மாதிரி கடலைப் பார்த்த தெருக்களில் ராத்திரி முழுக்க வாசலில் நிற்கிற வண்டியின் மேல் உப்புக் காற்று படிந்துகொண்டே இருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்பு உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும். பண்ருட்டியில் வீட்டுக்குள் நின்ற பத்து வருட வண்டியை விட, கடலோரம் திறந்தவெளியில் நின்ற நாலு வருட வண்டி மோசமாக அரித்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இது ஒன்று. இரண்டாவது வெள்ளம். 2015 மழையில் கடலூர் மாவட்டம் முழுக்கத் தண்ணீரில் நின்றது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அப்போது தண்ணீரில் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. துடைத்து, பாலிஷ் போட்டு, கைமாறி இன்னும் விற்பனைக்கு நிற்கின்றன.

பணத்தையும் வண்டியையும் முடிவு செய்வது

கையில் இருக்கிற மொத்தப் பணத்தையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் 50,000 ரூபாய் இருந்தால் 40,000 ரூபாய் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். மீதி பத்தாயிரம் டயர், செயின் செட், பிரேக், பேட்டரி, இன்சூரன்ஸ், பேர் மாற்றம் என்று முதல் மாதத்திலேயே போய்விடும், அதைத் தவிர்க்க முடியாது.

தினமும் வேலைக்குப் போய் வர மட்டும் என்றால் 100 முதல் 125 சி.சி. வண்டி போதும். ஸ்ப்ளெண்டர், ஷைன், பிளாட்டினா, ஸ்டார் சிட்டி மாதிரி வண்டிகளுக்கு நெல்லிக்குப்பத்திலும் பாகூரிலும் கூட பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். என்னைப்போல தினமும் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் போகிறவர்களுக்கு 150 சி.சி. கொஞ்சம் நிம்மதி தரும். பல்சர், யூனிகார்ன், எஃப்.இசட்., அப்பாச்சி எல்லாமே நல்ல வண்டிதான். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானது என்றால் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) இருக்கும், மழை நாளில் அது உயிரைக் காப்பாற்றும், அதற்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகை விதி) வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூல் இன்ஜெக்ஷன், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் சென்சார் பார்த்து பெட்ரோலைத் தெளிக்கிற வண்டிகள். மைலேஜும் ஸ்டார்ட்டிங்கும் நன்றாக இருக்கும், ஆனால் சென்சார் ஏதாவது போனால் தெருமுனைப் பட்டறையில் சரி செய்ய முடியாது.

ஆர்.எக்ஸ். 100 ஆசை நிறையப் பேருக்கு உண்டு, எனக்கும் உண்டு. அதன் தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள், காலை எட்டரை மணி டியூட்டியை அதை நம்பி ஏற்காதீர்கள். புல்லட் கனமான வண்டி, கிட்டத்தட்ட 190 கிலோ. புதுச்சேரியின் குறுகிய தெருக்களில் தினமும் தள்ளித் திருப்ப முடியுமா என்று ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

எங்கே தேடுவது

முதல் இடம் உங்கள் மெக்கானிக். எந்த வண்டி யார் கையில் எப்படி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அடுத்தது தெரிந்த குடும்பம், கூட வேலை செய்கிறவர்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓய்வு பெற்றவர்கள் விற்கிற வண்டிகளை நான் விரும்பித் தேடுவேன், ஏனென்றால் பல நேரம் ஒரே ஓனர், வீட்டுக்குள் நிழலில் நின்றது, கடல் காற்று படாதது. அங்கே தூசி அதிகம் என்பதால் ஏர் ஃபில்டரை மட்டும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கன்சல்டிங் கடைகளில் நிறைய வண்டியை ஒரே இடத்தில் பார்க்கலாம், அது வசதி. பழைய வண்டி வாங்கி விற்கிற டீலர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது, அந்தச் சான்று இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கடையில் வண்டி பளபளவென்று நிற்கும், அந்தப் பளபளப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

புதுச்சேரியில் இன்னொரு வகை உண்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓடிய வண்டி. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்தோடு ஓடியது, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்டிருக்கும். நூறு பேர் ஓட்டிய கிளட்ச், நூறு பேர் கடற்கரை மணலில் நிறுத்திய ஸ்டாண்டு. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

வண்டியை நிற்க வைத்துப் பார்ப்பது

பகலில் போங்கள், வண்டி காய்ந்திருக்க வேண்டும். சற்று முன் கழுவி ஈரமாக நிற்கிற வண்டியில் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற இரண்டு கால்கள்) ஆயில் கசிவும் தெரியாது, பெயிண்டில் உள்ள கீறலும் தெரியாது. கையில் ஒரு டார்ச், ஒரு சின்ன காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், பழைய துணி. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், விற்பவர் அவசரப்படுத்தினால் டீ குடிக்கக் கூப்பிடுங்கள்.

துருவை மேலே தேடாதீர்கள், கீழே குனிந்து தேடுங்கள். டேங்குக்கு அடியில் இரண்டு தகடும் சேர்கிற மடிப்பு, பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம், சென்டர் ஸ்டாண்டு மாட்டுகிற காது, பேட்டரி உட்காருகிற தட்டு, பின் மட்கார்டின் உள்பக்கம், சைலன்சர் வளைகிற இடம், ஸ்போக்ஸ் வீல் என்றால் கம்பியை ரிம்மில் இறுக்குகிற நிப்பிள்கள். ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினால் நல்ல இரும்பு 'டிங்' என்று சொல்லும், அரித்த இரும்பு மொத்தையாகச் சத்தம் போடும், சில நேரம் பொருக்கு உதிரும். ஸ்டாண்டிலும் சைலன்சரிலும் துரு இருந்தால் மாற்றிவிடலாம், விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் குழாயில், முக்கியமாக ஹேண்டில் சேர்கிற கழுத்துப் பகுதியில், துருவோ புது வெல்டிங்கோ இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அதற்கு விலையே கிடையாது.

டேங்கின் பக்கவாட்டில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடிப்பு தளர்ந்தால் அங்கே பட்டி பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், வண்டி விழுந்திருக்கிறது அல்லது தகடு ஓட்டை விழுந்திருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பார்க்க மறக்க வேண்டாம். உள்ளே செம்மண் நிறத்தில் இருந்தால் அந்தத் துகள் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும், இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் ஃபில்டரையே கெடுக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிப்பது தனிக் கலை, நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2016 தொடக்கத்தில் ஒரு 150 சி.சி. வண்டி வாங்கினேன். புது சீட் கவர், புது கிரிப், பெயிண்ட் மினுமினுப்பு, விலையும் எதிர்பார்த்ததை விடக் குறைவு. "தம்பி, ஷெட்டுலதான் நின்னுச்சு, வெயில் கூட படல" என்றார் விற்றவர். மூன்றாவது வாரம் இண்டிகேட்டர் நின்றது, அப்புறம் ஹார்ன், அப்புறம் ஒரு ராத்திரி கன்னியக்கோயில் தாண்டி ஹெட்லைட்டோடு மொத்தமாக அணைந்தது. பட்டறையில் ஹெட்லைட் டூமைக் கழற்றினால் உள்ளே விரல் கனத்துக்குக் காய்ந்த வண்டல். ஷெட்டில்தான் நின்றிருக்கிறது, ஷெட்டுக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. வயரிங் முழுக்க மாற்றி, இரண்டு வீல் பேரிங்கும் மாற்றி, வண்டி விலையில் கால்வாசி அதற்கே போனது.

அதிலிருந்து நான் பார்க்கிற இடங்கள் இவை. ஹெட்லைட் டூமுக்குள், சீட்டுக்கு அடியில், ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல் இருக்கிறதா. ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கறை இருக்கிறதா. வயர் கனெக்டர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கிறதா. என்ஜின் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறதா. சென்டர் ஸ்டாண்டு போட்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஸ்விங் ஆர்மில் கை வைத்தால் பேரிங் நறநறவென்று வருகிறதா. இதில் ஒன்று இருந்தால் காரணம் கேளுங்கள், இரண்டு இருந்தால் வேண்டாம்.

கிலோமீட்டர் மீட்டரை நம்புவதற்குப் பதில் ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் பிரேக் பெடலையும் பாருங்கள். 18,000 காட்டுகிற வண்டியில் பெடலின் வரிகள் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் கணக்கு எங்கேயோ மாறியிருக்கிறது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. ரோட்டில் படுகிற பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயர் இறுகிப் போயிருக்கும், மழையில் பிடிக்காது. பின் ஸ்பிராக்கெட்டில் செயினை விரலால் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் செட் முடிந்தது.

ஸ்டார்ட் செய்து, ஓட்டிப் பார்ப்பது

போவதற்கு முன் போனில் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டு, ஆறிய பிறகு திரும்ப வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அது பெரும்பாலும் சின்ன வேலை. முதல் நிமிடம் மட்டும் வருகிற வெள்ளை ஆவி ஒன்றுமில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் சாவி போட்டதும் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் அது எரியவே இல்லை என்றால் கோளாறு தெரியாமல் இருக்க யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஏ.பி.எஸ். விளக்கு வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும்.

நம் ஊர் தட்டையான ஊர் என்பதால் கிளட்ச் தேய்ந்த வண்டியும் நன்றாக ஓடுவது போலத் தெரியும். கடலூரில் வாங்கினால் கேப்பர் மலை ஏற்றத்துக்கு ஓட்டிப் போங்கள், புதுச்சேரியில் என்றால் கோரிமேடு பக்கம். மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. சமதளத்தில் 40-ல் போகும்போது கையைத் தளர்த்திப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, இழுத்தால் ஃபோர்க்கோ சேஸிஸோ வளைந்திருக்கிறது. நின்ற இடத்தில் ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் இருக்கிற பேரிங்) மாற்ற வேண்டும். இதெல்லாம் முதல்முறை பார்க்கிறவருக்குப் பிடிபடாது. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவருடைய அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். சும்மா வரச் சொல்லிக் கூட்டிப் போனால் அவர் விற்பவரிடம் கமிஷன் வாங்க வேண்டிய நிலைக்கு நாமே தள்ளுகிறோம்.

பேப்பர்

வண்டி பிடித்துவிட்டது என்றால் பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் துணியில் கொஞ்சம் டீசல் நனைத்துத் துடைத்தால் தெரியும். சுரண்டிய தடம் இருந்தால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். எம்.பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தெரியும், அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் பக்கத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் வங்கி பெயரோ ஃபைனான்ஸ் பெயரோ இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதமும் ஃபார்ம் 35-ம் விற்பவர் வாங்கித் தர வேண்டும். "ஹெச்.பி. கேன்சல் அப்புறம் பண்ணிக்கலாம்" என்று, அதாவது ஆர்.சி.யிலிருந்து அந்தக் கடன் பதிவை நீக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னால், பணமும் அப்புறம் தரலாம் என்று சொல்லுங்கள்.

பேர் மாற்ற ஃபார்ம் 29, 30. சட்டப்படி விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கம் என்ன நடக்கிறது என்றால், விற்பவர் வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், வாங்கியவர் அதை அலமாரியில் வைத்து இரண்டு வருடம் ஓட்டுவார், பிறகு மூன்றாவது ஆளுக்கு விற்பார். விபத்து ஏதாவது நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் முன் ஓனர், நஷ்டஈடு வழக்கு அவர் வாசலுக்குத்தான் போகும். வண்டியை விற்ற ஒரு பெரியவர் இப்படிக் கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வாங்கிய வாரமே விண்ணப்பம் போடுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எல்லை. புதுச்சேரியில் வாகன வரி குறைவு, அதனால் பி.ஒய். 01 எண் உள்ள புதுச்சேரி வண்டி, டி.என். 31 எண் உள்ள கடலூர் வண்டியை விட மலிவாகக் கிடைக்கும். எல்லையில் இருக்கிற முள்ளோடைக்கு இந்தப் பக்கம், கடலூரில், நிரந்தரமாக வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் அந்த மலிவு நிஜமில்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். புதுச்சேரி அலுவலகத்தில் ஃபார்ம் 28 போட்டு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கு ஏற்ற வரி கட்டி, பிறகுதான் டி.என். எண். இந்த வரியையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதே ஊரில் வேலை, அதே ஊரில் வீடு என்றால் அந்த ஊர் எண்ணையே வாங்குங்கள்.

15 வருடம் முடியப் போகிற வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வேண்டும், புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். தமிழ்நாட்டில் அதற்குப் பசுமை வரியும் உண்டு.

முதல் வாரம் செய்ய வேண்டியது

விற்றவர் "எல்லாம் புதுசா போட்டிருக்கேன்" என்று சொல்லியிருந்தாலும் என்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றுங்கள், இன்றிலிருந்து உங்கள் கணக்கு தொடங்கும். பிரேக் ஷூ அல்லது பேட், பிரேக் ஆயில், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள். கேபிளின் உள் கம்பி உப்புக் காற்றில் இழை இழையாக அறுந்திருக்கும், வெளியே தெரியாது, ஒருநாள் அரியாங்குப்பம் பாலத்தில் டிராஃபிக் நடுவில் முழுதாக அறும். மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். இரண்டு வீலையும் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ரோட்டுக்கு ஏற்ப மாற்றுவது

இங்கேதான் பசங்க பணத்தை வீணாக்குகிறார்கள். சத்தமான சைலன்சர், கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்கு, பின் மட்கார்டு வெட்டுவது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சேலை கார்டும் பின்னால் உட்காருகிறவர் பிடிக்கிற கம்பியும் விதிப்படி இருக்க வேண்டியவை, கழற்றாதீர்கள். அம்மாவோ அக்காவோ என்றாவது பின்னால் உட்காரத்தான் போகிறார்கள்.

என் வரிசை இப்படி: டயர், விளக்கு, உட்காரும் வசதி, அப்புறம்தான் மற்றது.

டயரில் கம்பெனி அளவையே போடுங்கள். அகலமான டயர் பார்க்க நன்றாக இருக்கும், 100 சி.சி. வண்டியில் மைலேஜ் இறங்கும், வளைவில் வண்டி மடங்க மறுக்கும், செயின் கவரில் உரசும். அலாய் வீல் என்றால் ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம்தானா என்று பஞ்சர் கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ரெட்டிச்சாவடியில் ட்யூப் பஞ்சரானால் எவ்வளவு தூரம் தள்ள வேண்டியிருக்கும் என்பது ஒருமுறை தள்ளியவருக்குத் தெரியும்.

விளக்கு விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பல பழைய 100 சி.சி. வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, என்ஜின் காயிலிலிருந்து நேராக வருகிற ஏ.சி. மின்சாரத்தில் எரிகிறது. அதனால்தான் சிக்னலில் நின்றால் மங்குகிறது. அதில் கடையில் கிடைக்கிற எல்.இ.டி. பல்பைச் சொருகினால் விட்டு விட்டு மினுக்கும், சீக்கிரம் போகும். வண்டி எலக்ட்ரீஷியனிடம் சொல்லி டி.சி.க்கு மாற்றிவிட்டு, அதற்குத் தாங்குகிற பேட்டரியும் ரெகுலேட்டரும் இருக்கிறதா பார்த்துப் போட வேண்டும். 35 வாட் பல்புக்கு பதில் 100 வாட் பல்ப் போட்டால் ஹோல்டர் உருகும், வயர் எரியும். போட்ட பிறகு, சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, நீங்கள் மேலே உட்கார்ந்தபடி, லோ பீம் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே விழுகிற மாதிரி இறக்கி வையுங்கள். எதிரே வருகிறவருக்கும் ரோடு தெரிய வேண்டும்.

உட்காரும் வசதிக்கு நான் செலவழித்த பணத்தில் ஒரு ரூபாய் கூட வீணாகவில்லை. சீட்டை மாற்றாதீர்கள், சீட் தைக்கிற கடையில் கொடுத்து உள்ளே இருக்கிற ஃபோமை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மெத்தை மாதிரி மெதுவான ஃபோம் பத்து நிமிடத்தில் அமுங்கி பிளேட் குத்தும், கெட்டியான ஃபோம்தான் இருபது கிலோமீட்டருக்கு நல்லது. கடையிலேயே உட்கார்ந்து கால் தரையில் படுகிறதா பாருங்கள். மழைத் தண்ணீர் தையல் வழியாக இறங்கும், அதனால் ரெக்ஸினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் வைக்கச் சொல்லுங்கள், பல கடைகளில் கேட்டால்தான் வைப்பார்கள். பின் ஷாக் அப்ஸார்பரில் அழுத்தம் மாற்றுகிற படி இருக்கும், இரண்டு பேர் போனால் ஒரு படி ஏற்றுங்கள். முதுகு வலிக்கு நிறையப் பேர் ஹேண்டில் பாரை மாற்றுகிறார்கள். அதற்கு முன் இருக்கிற ஹேண்டிலை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்து, லீவர்களை முழங்கையோடு நேராக வருமாறு திருப்பி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், அதிலேயே பாதி வலி போய்விடும்.

மற்றவை சின்னச் சின்ன வேலை. முன் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் ஃப்ளாப், மழையில் சேறு என்ஜின் மேல் அடிக்காது. இரண்டு கண்ணாடியும் இருக்கட்டும். நல்ல ஹார்ன் ஒன்று, ரிலே வைத்து. லஞ்ச் பையும் ரெயின்கோட்டும் வைக்க ஒரு பக்கப் பெட்டி.

உப்போடு வாழ்வது

ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்கோ புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கோ போய் வந்தால் மறுநாள் காலை நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற தெரு என்றால் அதில் கழுவுவது உப்பை இன்னொரு முறை பூசுவதுதான், ஒரு வாளி குடிநீரில் கடைசியாக அலசுங்கள். செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் வாரா வாரம், மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் துடைத்து செயின் லூபோ 90 நம்பர் கியர் ஆயிலோ விடுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் செயினில் ரப்பரைக் கெடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி பிறக்கும் முன், ஸ்விங் ஆர்ம் அடியையும் மட்கார்டு உள்பக்கத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துவிடுவேன், அரை நாள் வேலை. கனெக்டர்களில் கொஞ்சம் வாஸ்லின் வைத்தால் பச்சை பூக்காது. கவர் போட்டு மூடுகிறவர்கள் கவனியுங்கள், ஈரமான வண்டியை பிளாஸ்டிக் கவரால் மூடினால் துரு வேகமாகப் பிடிக்கும், காய்ந்த பிறகு மூடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியைத் தெருவில் மேடான இடத்தில், மரத்துக்கு அடியில் இல்லாமல், சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். அப்படியும் தண்ணீர் சைலன்சருக்கு மேல் ஏறிவிட்டால், வடிந்த பிறகு ஆசையில் ஒரே ஒரு முறை கூட ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், உள்ளே போன தண்ணீர் அமுங்காது, அந்த அழுத்தம் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், தண்ணீர் ஏறிய அளவு தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், டாட்டா ஏஸில் ஏற்றி பட்டறைக்குக் கொண்டு போய் ஆயில், பெட்ரோல், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றிய பிறகு மெக்கானிக் ஸ்டார்ட் செய்யட்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால் பட்டறைக்கு ஏற்றுவதற்கு முன்னாலேயே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், சர்வேயர் பார்க்கும் முன் கழற்றிவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும்.